எட்டுக் கிலோ நாட்டுச் சர்க்கரை

ஜனவரி 18, வியாழன்

நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. திதி கொடுத்து, வந்த ஒறம்பரை சொந்தங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு, மாலையில் வீட்டைக் கழுவிவிட்டோம். "இனி இந்த ஊட்டுல நல்லது பொல்லது செய்யலாம், பலகாரம் சுடலாம்" என்று நல்லம்மாள் அக்கா காரில் ஏறும்போது சொன்னார். எனக்கு எழுபத்து மூன்று வயது, அவருக்கு எழுபத்தொன்பது. எங்கள் குடும்பத்தில் எது முடிந்தது, எது தொடங்கலாம் என்பதை அவர்தான் சொல்வார்.

இப்போது வீட்டில் நானும் மருமகள் சுகந்தியும்தான். இன்று காலை அவள் நாட்டுச் சர்க்கரை இருக்கும் எவர்சில்வர் டிரம்மைத் திறந்தாள். என் மகன் நவநீதன் போன வருடப் பொங்கலுக்குக் கவுந்தப்பாடி ஆலைக்கே போய்ப் பத்துக் கிலோ வாங்கி வந்தான். இரண்டு கிலோ அந்தப் பொங்கலுக்குச் செலவானது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவனுக்கு மாரடைப்பு வந்தது. அதன் பிறகு இந்த வீட்டில் இனிப்பு எதுவும் செய்யவில்லை. காப்பிக்கு வெள்ளைச் சர்க்கரை போதுமாக இருந்தது. டிரம்மை யாரும் திறக்கவில்லை.

"கல்லாட்ட ஆயிப்போச்சுங் மாமா" என்றாள் சுகந்தி. கரண்டியின் காம்பு வளைந்திருந்தது.

நான் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். தரையைத் தட்டினால் வருகிற சத்தம். எறும்பு இல்லை, புளித்த வாசனை இல்லை, நிறமும் மாறவில்லை. கெட்டுப்போகவில்லை, இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் ஈரத்தை நிறுத்துப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. இதை என்னால் சரிசெய்ய முடியும் என்று சொன்னேன். சொன்ன பிறகு, முடியுமா என்று சந்தேகம் வந்தது.

ஜனவரி 19, வெள்ளி

சுத்தியலும் திருப்புளியும் கொண்டு முயன்றேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி பெயர்ந்தது. கட்டை விரலில் அடி.

ஜனவரி 20, சனி

அக்கா போனில் பேசினார். சர்க்கரை விஷயத்தைச் சொன்னேன். "ஈரம் பட்டிருக்கும். மொட்டை மாடியில வெயில்ல வையி" என்றார்.

ஈரம் போனதால்தான் சர்க்கரை இறுகும். துகள்களின் மேல் மெல்லிய பாகுப்படலம் இருக்கும். அது காய்ந்தால் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் இன்னும் கேடுதான். இது எனக்குத் தெரியும். ஆனாலும் "சரிங்க்கா" என்று சொல்லி, டிரம்மை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

மாடியில் டிரம்மைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது சுகந்தி துணி காயப்போட வந்தாள். கடைசித் துணியைப் போட்டு முடித்த பிறகும் கீழே போகவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லோணுங்."

"சொல்லும்மா."

"குமரவேல்னு ஒருத்தருங்க. எங்க பள்ளிக்கூடத்து போர் மோட்டரை ரிப்பேர் பண்ண வந்தாரு. சத்தி ரோட்டுல ரீவைண்டிங் கடை வெச்சிருக்காருங்க. சம்சாரம் தவறி ஆறு வருசம் ஆச்சு. அவரும் அம்மாவும் மட்டுந்தான். என்னைக் கட்டிக்கறேன்னு கேக்கறாருங்க." நிறுத்தினாள். "எனக்கும் சம்மதமுங்க. ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாமுங்க மாமா."

சுகந்திக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் இல்லை. அப்பா அம்மா இல்லை. திருப்பூரில் ஓர் அண்ணன். அவரிடம் கேட்டுவிட்டாளாம். "என்ற முகத்துல முழிக்காதே" என்று சொல்லிவிட்டாராம். ஆகவே அவள் பக்கம் நின்று பேச வேண்டியது நான்.

நான் என்ன சொன்னேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். "பார்க்கலாம்மா. நாலு மணிக்கு டிரம்மை இறக்கணும், ஞாபகப்படுத்து" என்றேன்.

நாலு மணிக்கு ஞாபகப்படுத்தினாள்.

ஜனவரி 23, செவ்வாய்

இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு திருப்புளி முனையே மழுங்கிவிட்டது.

நேற்று ஈரத் துணியை மேலே விரித்து மூடி வைத்தேன். ஒரே ராத்திரியில் மேலாக இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பாகாகிவிட்டது. அதற்குக் கீழே அதே கல். பாகை வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்தோம். பிறகு பெயர்த்த கட்டிகளை இட்லிப் பாத்திரத்தில் ஆவி காட்டினேன். சூட்டில் பொலபொலவென்று உதிர்ந்தது, சந்தோஷப்பட்டேன். ஆறியதும் முன்னைவிடக் கெட்டி. ஆவியின் ஈரம் சூட்டோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. மெதுவாகப் போக வேண்டியதை வேகமாகச் செலுத்தியதில் வந்த பிழை.

சுகந்தி மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஜனவரி 25, வியாழன்

அக்காவும் மயில்சாமியும் வந்தார்கள். மயில்சாமி, காலமான என் அண்ணனின் மகன். திருப்பூர் அண்ணன் அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார்.

அக்கா உட்காரவில்லை. "மாரப்பா, காதுல உழுந்தது நெசமா?"

"எதுங்க்கா?"

"எதுன்னு கேக்கறான் பாரு மயிலு, பாலு குடிக்கற பிள்ளையாட்ட." சமையலறைப் பக்கம் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார். "போறவ போகட்டும். நாம கட்டியா வெச்சிருக்கறோம்? அண்ணங்காரன் ஊட்டுக்குப் போயி, ஏதோ ஒரு கோயல்ல நின்னு கட்டிக்கட்டும். இந்த ஊட்டு வாசப்படியில ஒண்ணும் நடக்கப்படாது. உப்புச் சக்கரை, சீரு, பந்தல்னு எவளாச்சும் நெனச்சுக்கிட்டு இருந்தா இப்பவே மறந்துரோணும்."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை உறுதி செய்வதற்கு உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது வழக்கம். பெண் வீட்டில் ஒரு தட்டு, மாப்பிள்ளை வீட்டில் ஒரு தட்டு. அந்தத் தட்டு கைமாறினால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். இரண்டாம் கல்யாணத்துக்கு யாரும் அதைச் செய்வதில்லை. அவர்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ், அல்லது ஆளில்லாத கோயில்.

மயில்சாமி தணிந்த குரலில்தான் பேசினான். "சித்தப்பா, உங்களைக் குத்தம் சொல்ல வல்லீங்க. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா கொள்ளிச் சட்டி எடுக்கறது நாந்தான். பங்காளிக முன்னால நான் தலை நிமிந்து நிக்கோணுமில்லீங்க."

சுகந்தி காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. தம்ளர் நீட்டிய இடத்திலேயே நின்றது. அப்போது நான் பேசினேன். முதலில் கேட்ட அந்தக் கேள்வியை விட்டால், அவர்கள் இருந்த அரை மணி நேரத்தில் நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

"காப்பில சக்கரை கொஞ்சம் கம்மியா இருக்குங்க்கா" என்றேன்.

ஜனவரி 26, வெள்ளி

விடுமுறை. சுகந்தி கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து படுத்துவிட்டாள். தலைவலி என்றாள். நான் ரொட்டித் துண்டுகளைச் சர்க்கரைக் கட்டிகளுக்கு நடுவில் வைத்து மூடினேன்.

ஜனவரி 27, சனி

ரொட்டி வறட்டி மாதிரி காய்ந்துவிட்டது. சர்க்கரையில் மாற்றம் இல்லை. ரொட்டியிலிருந்த ஈரம் எங்கே போனது? சர்க்கரைக்குப் போகவில்லை என்றால் வேறு எதுவோ குடித்திருக்க வேண்டும். நிலையத்தில் இப்படிக் கணக்கு உதைத்தால் முதலில் பாத்திரத்தைச் சந்தேகிப்போம்.

டிரம்மைக் கவிழ்த்து, அடியில் துணி போட்டுத் தட்டி, பாளத்தை முழுதாக வெளியே எடுத்தேன். பாளத்தின் அடியில் இரண்டு துணிப் பைகள் பதிந்திருந்தன. கையால் தைத்தவை. தையல் என்னுடையது. மேலே என் கையெழுத்தில், "சிலிக்கா ஜெல், அரைக் கிலோ".

ஈரத்தை உறிஞ்சும் மணிகள். ஆய்வகத்தில் மண் மாதிரிகளைக் காய வைக்க இதைத்தான் பயன்படுத்துவோம். நான் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை. போன வருட நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். பிப்ரவரி 19 அன்று எழுதியிருக்கிறேன்: "சர்க்கரையைக் கொட்டி, டிரம்மின் அடியில் சிலிக்கா ஜெல் பை இரண்டு வைத்து, மறுபடி நிரப்பினேன். நவநீதன் வாங்கியது. ஈரம் அண்டக் கூடாது. ஒன்றும் ஆகிவிடக் கூடாது."

பைகளை நிறுத்தேன். இரண்டும் சேர்ந்து 1,220 கிராம். இருநூற்று இருபது கிராம் தண்ணீரை இந்தப் பைகள் குடித்திருக்கின்றன. அவ்வளவுதான் எட்டுக் கிலோவுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்தது. ஈரத்தின் மீதோ எறும்பின் மீதோ அக்காவின் வெயில் மீதோ பழி இல்லை. காப்பாற்றுகிறேன் என்று நான்தான் இதை இப்படி ஆக்கினேன்.

அந்த நோட்டைப் புரட்டும்போது ஆகஸ்ட் 27 பக்கமும் கண்ணில் பட்டது. அதைப் படிக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

படித்தேன். அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "ஒரு அம்மாள் வந்தார். திருப்பி அனுப்பினேன்." எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அன்று சுகந்தி பள்ளியில் பயிற்சி வகுப்பு என்று போயிருந்தாள். அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும், ஒரு பை சாத்துக்குடியோடு வந்து உட்கார்ந்தார். "என்ற மகனுக்கு உங்க மருமவளைக் கேக்கலாம்னு வந்தனுங்க. அவசரமில்லீங்க, வருசம் முடியட்டும். காதுல போட்டு வெக்கலாம்னுதான்" என்றார். நான், "அந்தப் பொண்ணுக்கு அப்படியொரு நெனப்பே கெடையாதுங்க" என்றேன். சுகந்தியிடம் நான் கேட்டதே இல்லை. அந்தம்மாள் போன பிறகு சாத்துக்குடி முழுவதையும் பால்காரருக்குக் கொடுத்துவிட்டேன், வீட்டில் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாள் என்பதால்.

துக்க வருடம் என்பதால் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஸ்கூட்டி கேட்டுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அந்த நாள் முடியும். காரணம் அதுவாகவும் இருக்கலாம். அளக்கக் கருவி இல்லை.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தெரியுமுங்க மாமா. அவிய அம்மா அப்பவே சொன்னாங்க."

"ஏம்மா எங்கிட்டக் கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தனுங்."

ஐந்து மாதம் இருந்திருக்கிறாள்.

ஜனவரி 29, திங்கள்

திரும்பக் கொடுக்க வேண்டியது இருநூற்று இருபது கிராம் ஈரம். வேகமாகக் கொடுத்தால் பாகாகும் என்பது தெரிந்துவிட்டது. மணலில் தண்ணீர் ஊற்றினால் உடனே விட்டுவிடும். களிமண் பிடித்துவைத்து மெல்லத் தரும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு வாரமாக இட்லிப் பாத்திரத்தையும் ரொட்டியையும் நம்பிக்கொண்டிருந்தவன், நான் படித்ததை நம்பவில்லை.

துக்க வருடம் என்பதை மறந்து கார்த்திகைக்கு முன்பு வாங்கி, துக்கத்தால் ஏற்றாமல் வைத்திருந்த புது அகல் விளக்குகள் முப்பது இருந்தன. ஒன்றை நிறுத்தேன், அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். ஓர் அகல் ஏழு கிராம் தண்ணீர் குடிக்கிறது. முப்பது அகல், இருநூற்றுப் பத்து. சர்க்கரைப் பாளத்தைச் சுத்தியலால் உடைத்து, ஒரு வரிசை கட்டி, ஒரு வரிசை அகல் என்று கவிழ்த்து அடுக்கி, மூடியை இறுக்கினேன். வெயில் படாத அலமாரியில் வைத்தேன். மூன்று நாள் திறக்கக் கூடாது.

ஜனவரி 30, செவ்வாய்

சத்தி ரோட்டுக்குப் பஸ்ஸில் போனேன். சுகந்தியிடம் சொல்லவில்லை. கடை வாசல் வரை போய், எதிர்ப்பக்கம் இருந்த மருந்துக் கடையில் தேவையில்லாமல் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே நுழைந்தேன்.

குமரவேல் குனிந்து செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்களில் வார்னிஷ் கறை.

"வாங்கய்யா. மோட்டருங்களா?"

"இல்லீங்க. நான் மாரப்பன். சுகந்தியோட மாமனார்."

எழுந்து நின்றார். சுற்றிக்கொண்டிருந்த சுருள் அவர் கையிலிருந்து நழுவிப் பிரிந்துகொண்டே போனது. அதைப் பிடிப்பதா, என்னைக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார். என்னைப் போன்ற ஆள்தான் என்று தோன்றியது. அதில் எனக்கு நிம்மதியா கவலையா என்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அந்தம்மாள் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "ஏனுங்கண்ணா, அன்னைக்கு சாத்துக்குடி வாங்கியாந்தனே, இனிப்பா இருந்துதுங்களா?"

"நான் திங்கலைங்க. பால்காரருக்குக் குடுத்துட்டேன்."

"அட, நெசத்தச் சொல்லற மனுசனாவும் இருக்கறாரே" என்று சிரித்தார். "இப்ப மறுக்கா வந்தா தொரத்துவீங்களா?"

"பிப்ரவரி பதினொண்ணு ஞாயித்துக்கிழமை. காலைல பத்தரை மணி. எங்க ஊட்டுக்கு வாங்க. உப்புச் சக்கரை மாத்திக்கலாம்" என்றேன்.

குமரவேல், "அய்யா, அதெல்லாம் வேண்டாமுங்களே. உங்க ஒறம்பரையெல்லாம் சங்கடப்படுவாங்க. நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே..." என்று இழுத்தார்.

"சங்கடப்படுவாங்க" என்றேன். "பத்தரைக்கு வந்துருங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் இருமல் மிட்டாய் இரண்டு தின்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

திறந்தேன். கட்டிகளின் ஓரம் கையோடு வருகிறது. நடுப்பகுதி இன்னும் கல். அகல்களை எடுத்து மறுபடி ஊறவைத்து அடுக்கினேன், இந்த முறை பத்து மட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று எட்டுக் கிலோவும் உதிரத் தொடங்கிவிட்டது. ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் ஈர மணல் மாதிரி உடைகிறது.

தட்டுக்கு இந்தச் சர்க்கரையைத்தான் வைக்கப் போகிறேன் என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"வேண்டாமுங்க மாமா. கடைல ஒரு கிலோ புதுசா வாங்கிக்கலாமுங்க. இது... அவரு வாங்கினதுங்க."

"அதனாலதான்மா."

"யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா சொல்றேன். இந்த வீட்டுலேருந்து நீ போறே. இந்த வீட்டுச் சக்கரைதான் போகணும். ஒளிச்சு வெச்சுட்டுக் கடைச் சக்கரைல செஞ்சா, நாம ஏதோ தப்புப் பண்ற மாதிரி ஆயிரும்."

சொல்லிவிட்டேனே தவிர, உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் முடிவு செய்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆகவே, "உனக்கு முடியாதுன்னா கடைக்குப் போயிட்டு வரேன், இப்பவே" என்று சேர்த்துக்கொண்டேன். நிஜமாகவே பையை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அவள் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்கினாள். ஒரு துளி வாயில் போட்டாள். எழுந்து உள்ளே போனவள் வரவில்லை. நான் பையை மாட்டிவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி மாட்டினேன்.

வரும்போது அவள் கையில் சல்லடை இருந்தது. கண் சிவந்திருந்தது.

"நீங்க கட்டிய உதுத்துப் போடுங் மாமா. நான் சலிக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். தேதி, மணி, இடம் மூன்றையும் படித்தேன்.

"உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? எந்தச் சக்கரைய வெக்கப் போறே?"

அது தாளில் இல்லை. இருந்தாலும் சொன்னேன். "நவநீதன் வாங்கினதுங்க்கா."

அக்கா போனை வைத்துவிட்டார். அடுத்த ஐந்தாவது நிமிடம் மயில்சாமி கூப்பிட்டான். "சித்தப்பா, நான் அன்னைக்குச் சொன்னதுதானுங்க. அப்புறம் என்னைத் தேடாதீங்க."

பிப்ரவரி 7, புதன்

மின்மயானத்துக்குப் போன் செய்து விசாரித்தேன். ஆதார் அட்டையும் டாக்டர் சான்றிதழும் இருந்தால் போதும். கூட வருகிறவர் உறவாக இருக்க வேண்டியதில்லை. "யாருங்க தவறிட்டாங்க?" என்று அந்தப் பையன் கேட்டான். "இன்னும் இல்லைங்க, நான்தான்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

விவரங்களை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மயில்சாமியைத் தேட வேண்டியதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சாப்பாடு வைக்கக் கற்றுக்கொள்கிறேன். இரண்டு தம்ளர் அரிசிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் என்று சுகந்தியிடம் கேட்டேன். "ரெண்டு எதுக்குங் மாமா, உங்களுக்கு முக்கா தம்ளரே..." என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள்.

குமரவேல் போனில், "அய்யா, கல்யாணத்துக்கு அப்புறம் நீங்களும் எங்க கூடவே வந்துருங்க" என்றார். நல்ல மனிதர். எனக்கு இந்த வீடு போதும் என்றேன். தோசை மட்டும் இன்னும் பிய்கிறது.

பிப்ரவரி 10, சனி

சலித்த சர்க்கரை ஏழு கிலோ அறுநூறு. மீதி, பாகாக வழித்ததும் நாங்கள் தின்று பார்த்ததும். பித்தளைத் தட்டு இரண்டையும் புளி போட்டு நானே தேய்த்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எங்கள் பக்கம் நான், சுகந்தியின் தலைமை ஆசிரியை, அவளோடு வேலை செய்யும் இரண்டு டீச்சர்கள். மொத்தம் நாலு பேர். முப்பது பேருக்கு இலை வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை பக்கம் ஒன்பது பேர். குமரவேலின் தாய்மாமா ஒரு பெரியவர், அவர்தான் அந்தப் பக்கத் தட்டைப் பிடிப்பவர்.

பத்து நாற்பதுக்குப் பெரியவர், "பொண்ணு ஊட்டுக்காரங்க வாங்க" என்றார். நான் எழுந்தேன். தட்டில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் சர்க்கரை, நடுவில் வெற்றிலை பாக்கு. தூக்கப் போகும்போது வாசலில் கார் நின்றது.

அக்கா இறங்கி கேட்டைத் தள்ளித் திறந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில், வெயிலில் நின்றார். மயில்சாமி காரை விட்டு இறங்கவில்லை.

"மாரப்பா." கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "அந்தத் தட்டைத் தூக்கினீன்னா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லை. செத்துப்போனவன் சக்கரைய எடுத்து அவன் பொண்டாட்டிக்கே..."

சுகந்தி எழுந்து நின்றுவிட்டாள். குமரவேல் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அந்தப் பெரியவரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எல்லாருமே எனக்குப் பின்வாங்க ஒரு வழியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். என் சுபாவம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தட்டைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் சர்க்கரைக் குவியல் சரிந்து உப்போடு கொஞ்சம் கலந்தது.

"வெயில்ல நிக்காதீங்க்கா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "உள்ள வாங்க, எலை போட்டிருக்குது. வரலீன்னா கேட்டைச் சாத்திட்டுப் போங்க. மாடு வந்துரும்."

எழுபத்து மூன்று வருடத்தில் அக்காவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டை நீட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தன் தட்டை நீட்டினார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. தட்டு கைமாறியது.

குமரவேலின் அம்மா ஒரு சிட்டிகை எடுத்து சுகந்தியின் வாயில் போட்டுவிட்டு, "உப்பும் ஒட்டியிருக்குதுங்கண்ணா" என்றார். "இருக்கட்டுமுங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது கார் போய்விட்டது. கேட் திறந்தே கிடந்தது. நான் போய்ச் சாத்திவிட்டு வந்து இலை போட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனேன். கல்யாணம் மார்ச் 17. எழுதிக்கொண்டு போன தாளை அச்சகக்காரர் ஒரு முறை படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார்.

"சார், இதுல 'எனது மருமகள் சுகந்தி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"மகள்னு போட்டுரலாமுங்களே. அழகா இருக்கும். நீங்க பெத்த பொண்ணாட்டத்தானே பாத்துக்கறீங்க."

"மருமகளுங்க அவ."

அவர் பக்கத்து மேஜையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லீங் சார், பத்திரிகை நாலு பேர் கைக்குப் போகுது. மருமகள்னு போட்டா, ரெண்டாங் கண்ணாலம்னு படிக்கறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுருமுங்க."

"தெரியட்டும்" என்றேன். "அந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க."

நூற்றைம்பது பத்திரிகை. உறைகளை மட்டும் இன்றே வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பேனாவுக்கு மை ஊற்றி, முதல் உறையில் நல்லம்மாள் அக்காவின் விலாசத்தை எழுதினேன், பின்கோடு உட்பட. இரண்டாவது மயில்சாமிக்கு.